இருபது நாளில் முப்பது ஷிப்ட்

1

இந்தக் கதை ஒரு சான்றிதழிலிருந்து பிறந்தது. சான்றிதழை எழுதியவன் நான். அதில் தப்பு இருக்கிறது என்று பல்கலைக்கழகம் சொல்கிறது. இல்லை என்று நான் சொல்கிறேன். தப்பில்லாமல் எழுதியதுதான் தப்பு என்று எங்கள் முதலாளி சொல்கிறார். மூன்று பேர் சொல்வதையும் வரிசையாக வைத்தால் கதை தானாக வந்துவிடும் என்று நினைத்து உட்கார்ந்தேன். இரண்டு நாளாகத் தொடக்க வரிகளையே எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், டைம் ஆபீஸ் என்கிற ஆறடிக்கு எட்டடி அறையில் இருக்கிறேன். யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள், எத்தனை ஷிப்ட் பார்த்தார்கள் என்று எழுதுவது என் வேலை. குன்னத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். பதினெட்டு வருஷமாகிறது. நடுவில் மூன்று கதைகள் எழுதி, அவை சிறுபத்திரிகைகளில் வந்திருக்கின்றன. கம்பெனியில் அது யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும், சரி, டீ வந்துருச்சு வாங்க என்றுதான் சொல்வார்கள்.

பெயர்களை மாற்றவில்லை. மாற்றிப் பார்த்தேன், ஆட்கள் அசையாமல் நின்றுவிட்டார்கள். கம்பெனியின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் மட்டும் எழுதப் போவதில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

2

அடித்துப்போட்ட தொடக்கங்களில் இரண்டை உங்களுக்குக் காட்டுகிறேன்.

தொடக்கம் ஒன்று: "முனைவர் பட்டம் என்னும் கனவைச் சுமந்துகொண்டு விஜயராணி அந்தப் பின்னலாடை நிறுவனத்தின் வாசலில் காலடி எடுத்து வைத்தபோது, இயந்திரங்களின் ஓசை அவளை..."

(முடிக்கவில்லை. அவள் கனவைச் சுமந்துகொண்டு வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் கவரில் ஃபைலைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வந்தாள். இயந்திரங்களின் ஓசை அவளை ஒன்றும் செய்யவில்லை. அந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள்.)

தொடக்கம் இரண்டு: "நாச்சிமுத்து நேர்மையான மனிதர். பதினெட்டு ஆண்டுகளாக டைம் ஆபீஸில்..."

(நாச்சிமுத்து என்பது நான்தான். கதையில் எனக்கு ஒரு மாற்று ஆளாக, கற்பனைப் பெயரில் போட்டேன். என்ன ஆயிற்றென்றால், எழுத எழுத நாச்சிமுத்து நல்லவராகிக்கொண்டே போனார். இரண்டாம் பக்கத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் பக்கத்தில் முதலாளியிடம் நெஞ்சை நிமிர்த்தி ஒரு வசனம் பேசினார். எனக்கே கூச்சமாகிவிட்டது. அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டேன்.)

ஆக, நேராகவே சொல்கிறேன்.

3

விஜயராணியின் அம்மா ரோஸ்மேரி எங்கள் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வரும்போது விஜயராணிக்கு நான்கு வயது. பிளஸ் டூ பரீட்சை எழுதிய விடுமுறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் அதே மேஜையில் வந்து நின்றவள், கல்லூரிக் காலம் முழுவதும் ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்தாள். எம்.ஏ. பொருளாதாரம் முடித்தாள். எம்.ஃபில். முடித்தாள். ஒரு சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்தப் போனாள். பகுதி நேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். தலைப்பு: திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் பெண்களின் வேலை நேரம்.

அவள் பதிவு செய்தது 2009இல். அந்த வருஷம் அவளுடைய பல்கலைக்கழகத்தில் புது விதிகள் வந்திருந்தன. அதற்கு முன்னால், பதிவு செய்துவிட்டு நெறியாளர் சொல்வதைக் கேட்டு நாலைந்து வருஷம் பொறுமையாக இருந்தால் போதும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். இப்போது பயிற்சி கட்டாயம். விதிகளின் நகலை என் மேஜையில் விரித்துக் காட்டினாள். ஆராய்ச்சி முறைகள் என்று ஒரு தாள். துறை சார்ந்து ஒரு தாள். இரண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, முக்கால் பங்கு வருகை, கடைசியில் எழுத்துத் தேர்வு. இவை போக, தலைப்புக்குத் தொடர்புள்ள இடத்தில் முப்பது வேலை நாட்கள் களப் பயிற்சி. அதற்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் 240 மணி நேரம்' என்று இருந்தது. நவம்பர் இருபத்தைந்துக்குள் நிறுவனத்தின் சான்றிதழைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.*

* எங்கள் கம்பெனியிலும் பயிற்சி உண்டு. செக்கிங்குக்கு மூன்று நாள். ஓவர்லாக் தைக்க மூன்று மாதம். டைம் ஆபீஸுக்குப் பயிற்சி என்று ஒன்று கிடையாது. இருந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது.

"ஏனுங்ணா, நா இங்கயே வளந்தவ. எனக்கு எதுக்குங்க பயிற்சி?" என்றாள்.

"ரூல்ஸ்ன்னா அப்பிடித்தானே அம்மிணி."

"எட்டு வருசமா லீவுக்கு லீவு செக்கிங் பாத்துருக்கேன். அதை எழுதிக் குடுத்தாச் செல்லாதாம். பதிவு பண்ணுனதுக்கு அப்பறம் செஞ்ச பயிற்சிதான் பயிற்சியாம்."

எனக்கும் அது அபத்தமாகத்தான் பட்டது. மீனுக்கு நீச்சல் வகுப்பா என்று எழுதினேன். (அடித்துவிட்டேன். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன மாதிரி இருக்கிறது.)

4

கல்லூரி அவளுக்குச் சம்பளமில்லாத விடுப்புதான் கொடுத்தது, அதுவும் நவம்பர் இரண்டிலிருந்து இருபத்து நான்கு வரை. ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் இருபது நாள். தேவை முப்பது. இந்தக் கணக்கை என் முன்னால் நின்று விரல் விட்டுப் போட்டவள், கொஞ்சம்கூடக் கலங்கவில்லை.

"தினம் ஒண்ணரை ஷிப்ட் பாத்துட்டா முப்பது வந்துருமில்லீங்ணா?"

"வந்துரும்" என்றேன்.

வெளியூர்க்காரர்கள் இந்த இடத்தில் நின்று யோசிப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. இந்த ஊரில் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை இருந்தால் ஒரு ஷிப்ட். ஒன்பதரை வரை இருந்தால் ஒன்றரை. 'எத்தனை நாள் வேலைக்கு வந்தே' என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. 'இந்த வாரம் எத்தனை ஷிப்ட்' என்றுதான் கேட்போம். வாரத்துக்கு ஆறு நாள் வேலை, ஒன்பது ஷிப்ட். யாருக்கும் அது விநோதமாகத் தெரியாது.

முதலாளியிடம் அனுமதி வாங்கியதும் நான்தான். 'நம்ம ரோஸ்மேரி புள்ளையா, வரட்டுமுங்க' என்றதோடு அவர் முடித்துவிட்டார். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் முழுசாகத் திரும்பாத நேரம். செக்கிங்கில் ஆள் குறைவாக இருந்தது. சும்மா நின்று பார்க்க வந்த பயிற்சிக்காரியை மேஜையில் நிறுத்திவிட்டார்கள்.

பல்கலைக்கழகம் ஒரு பயிற்சி நாட்குறிப்பு கொடுத்திருந்தது. தினமும் எழுதி நிறுவனத்தின் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் 'இன்று கற்றது' என்று ஒரு கட்டம். முதல் நாள் அந்தக் கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொண்டுவந்தாள்.

"அம்மிணி, இப்பிடி எழுதுனா எப்பிடிக் கையெழுத்துப் போடறது?"

"நெசந்தானுங்களே?"

"நெசமா இருந்தாலும் கொஞ்சம் சேத்திப் போட்டு எழுது."

இரண்டாம் நாளிலிருந்து ஏதோ சேர்த்துப் போட்டு எழுதினாள். ஒன்பதாம் நாள் எழுதியதை மட்டும் நான் இரண்டு முறை படித்தேன். அதை அப்படியே கொடுக்கிறேன்: 'இன்று சாப்பாட்டு வேளையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எவ்வளவு நாளாகக் காய்ச்சல் என்று டாக்டர் கேட்டார். அம்மா நாலு ஷிப்டாக என்றாள். டாக்டர் வெளியூர்க்காரர், விழித்தார். நான் மூன்று நாள் என்று மாற்றிச் சொன்னேன். இங்கே காய்ச்சலையும் ஷிப்டில் எண்ணுகிறோம் என்பதை நான் இத்தனை வருஷம் கவனித்ததே இல்லை.'

அன்றைக்கு அவள் எதுவும் சேர்த்துப் போடவில்லை.

5

இருபத்து நான்காம் தேதி மாலை சான்றிதழ் எழுதினேன். லெட்டர்பேடில், நல்ல கையெழுத்தில். எழுத்தாளன் என்கிற கர்வமும் கொஞ்சம் இருந்தது.

"திருமதி" (அடித்து) "செல்வி விஜயராணி அவர்கள் எங்கள் நிறுவனத்தில் 02.11.2009 முதல் 24.11.2009 வரை முப்பது ஷிப்டுகள் களப் பயிற்சி பெற்றார் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது."

நிறுவனத்துக்காக என்று முத்திரை குத்தி, முதலாளியின் மேஜையில் வைத்தேன். அவர் ஃபோனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். விஜயராணி வாங்கிப் படித்தாள். அவளுக்கும் அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. எம்.ஃபில். வரைக்கும் படித்தவளும், மூன்று கதை எழுதியவனும், கம்பெனியே நடத்துகிறவரும் பார்த்த தாள்.

டிசம்பர் நாலாம் தேதி பல்கலைக்கழகத்திலிருந்து விஜயராணிக்குக் குறிப்பாணை வந்தது. சான்றிதழின் அசலும் அதோடு திரும்பி வந்திருந்தது. குறிப்பிட்ட தேதிகளுக்கு இடையே மொத்தமே இருபத்து மூன்று நாட்கள்தான் இருக்கின்றன, அதில் முப்பது ஷிப்ட் எவ்வாறு இயலும்? ஷிப்ட் என்ற சொல்லுக்கு விதிகளில் இடமில்லை. பொய்ச் சான்றிதழ் எனக் கருத இடமிருப்பதால் ஏழு நாட்களுக்குள் விளக்கம் தேவை. தவறினால் பதிவு ரத்து செய்யப்படும். நகல்: நிறுவனத்துக்கு.

அந்தக் கடைசி வார்த்தையால்தான் ரத்தினசாமி கதைக்குள் வருகிறார்.

6

ரத்தினசாமி எங்கள் முதலாளி. அவரை எழுதுவதில்தான் எனக்கு ரொம்பச் சிரமம். கெட்டவராகப் போட்டால் கதை சுலபமாக ஓடும். தொப்பை, தங்கச் சங்கிலி, மேஜையைத் தட்டுகிற கை. அப்படி அரைப் பக்கம் எழுதினேன். ஆனால் அவர் ஒல்லியான மனுஷன். தறி நெய்த குடும்பத்திலிருந்து வந்து, நாலு மெஷினில் தொடங்கியவர். கிருத்திகைக்குக் கிருத்திகை சிவன்மலை போகிறவர். பதினெட்டு வருஷத்தில் என்னை ஒருமையில் கூப்பிட்டது கிடையாது. மேஜையைத் தட்டவும் இல்லை. நகலை என் பக்கம் தள்ளினார்.

"ஏனுங்க, லெட்டர்பேடுல போயி யாராச்சும் ஒண்ணரை ஷிப்ட்டுன்னு எழுதுவாங்களா?"

"ஒண்ணரைன்னு எழுதலீங்க. முப்பதுன்னுதானுங்க எழுதுனேன்."

"இருவது நாள்ல முப்பதுன்னா வேற என்னங்க அர்த்தம்? சின்னக் கொழந்த சொல்லிப்போடுமே."

எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற ஜெர்மனிக்காரர்கள் ஜனவரியில் தணிக்கைக்கு வருகிறார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவது தெரிந்தால் ஆர்டரை நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்குக் காட்டுகிற வருகைப் பதிவேட்டில் ஷிப்ட் என்ற சொல் கிடையாது. நாள், எட்டு மணி நேரம், கையெழுத்து. அந்தப் பதிவேட்டையும் நான்தான் எழுதுகிறேன். (இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.)

"அந்தத் தாளைத் திருப்பி வாங்கிருங்க" என்றார் ரத்தினசாமி. "வேற எழுதிக் குடுங்க. அக்டோபர் இருவத்தொண்ணுல இருந்து முப்பது நாளுன்னு போடுங்க. நா கையெழுத்துப் போட்டுத் தர்றேன். புள்ள படிக்கோணுமுங்க, நா வேண்டாம்னு சொல்லுல. அதுக்காகத் தொள்ளாயிரம் பேரு சோத்துல மண்ணப் போட முடியுங்களா?"

நியாயமாகத்தான் இருந்தது. என்னைக் கேட்டால், அந்த அறையில் நான் ரொம்ப நிம்மதியாக உணர்ந்தேன். எல்லாருக்கும் நல்லது, ஒரு தாள் மாறுகிறது, அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

7

விஜயராணி அதே நினைப்பில் இல்லை.

"அக்டோபர்ல நா காலேஜ்ல கையெழுத்துப் போட்டுருக்கேனுங்ணா. ஒரே நாள்ல ரெண்டு பக்கம் இருந்தேன்னு வருமே."

"அதையெல்லாம் யாரு அம்மிணி பாக்கப்போறாங்க?"

"பாக்க மாட்டாங்கதான்." ஃபைலிலிருந்து சான்றிதழின் அசலை எடுத்தாள். "பதினோரு கம்பெனிக்குப் போயிக் கேட்டுருக்கேனுங்ணா. அத்தனை பேரும் எட்டு மணி நேரந்தான்னு எழுதிக் குடுத்தாங்க. ஒண்ணரை ஷிப்ட் ஓடுதுன்னு திருப்பூருக்கே தெரியும். ஆனா அதுக்கு எழுத்துல ஒரு தாள் கெடையாது. லெட்டர்பேடு, முத்திரை, மொதலாளி கையெழுத்தோட இருக்கறது இது ஒண்ணுதான்."

"தெரியாம எழுதிப்போட்டேன் அம்மிணி."

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டீங்களே."

அவளுடைய ஆராய்ச்சித் தலைப்பு பெண்களின் வேலை நேரம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாளைத் திருப்பிக் கொடுத்தால் பதிவு பிழைக்கும், ஆராய்ச்சியில் சொல்ல வந்தது போய்விடும். கொடுக்காவிட்டால் சொல்ல வந்தது கையில் இருக்கும், சொல்வதற்குப் பதிவு இருக்காது. புரிகிறதா? எனக்குப் புரிய ஒரு நாள் ஆயிற்று.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் ரோஸ்மேரி டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றாள்.

"சார், நீங்க ஒரு வார்த்த சொல்லப்பிடாதா அவகிட்ட? மொதலாளியே தாரேன்னு சொல்லுதாரு. வாங்கிட்டுப் போவாளா, நாயம் பேசிக்கிட்டு நிக்கா."

"சொன்னேன்மா. கேக்கலை."

"எனக்கு இன்னும் எட்டு பத்து வருசம் வேலை பாக்கணும் சார். இந்த வயசுல வேற எந்தக் கம்பெனில எடுப்பாவ? இவளப் படிக்க வச்சது நாந்தான். அந்த ஒண்ணரை ஷிப்ட்லதான் படிக்க வச்சேன். இப்ப அது தப்புன்னு எழுதப்போறாளாம்."

பெல் அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போய்விட்டாள். இந்த இடத்தில் ரோஸ்மேரியைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம், நன்றாக வரும். ஆனால் அந்தம்மா எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டுப் போய்விட்டது.

8

முடிவுக்கு வருவோம். கைவசம் இருப்பவை:

முடிவு அ. விஜயராணி அசலைத் திருப்பிக் கொடுக்கிறாள். நான் முப்பது நாள் என்று புதிதாக எழுதுகிறேன். அவள் தேர்வு எழுதி, ஆய்வேடு எழுதி, டாக்டர் விஜயராணி ஆகிறாள். ஆய்வேட்டின் நாலாம் இயலில் ஒரு அட்டவணை. சராசரி வேலை நேரம்: எட்டு. எல்லாரும் கைதட்டுகிறார்கள். (இதைத்தான் முதலில் எழுதினேன். எழுதி முடித்ததும் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து படித்தபோது எரிச்சலாக இருந்தது.)

முடிவு ஆ. பல்கலைக்கழகத்தில் ஒரு நல்ல அதிகாரி. அவருடைய அக்காவும் ஒரு காலத்தில் திருப்பூரில் பனியன் கம்பெனியில். சான்றிதழைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்குகிறது. (எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. எந்த அதிகாரிக்கும் ஏழு நாளில் கண் கலங்காது.)

முடிவு இ. நாச்சிமுத்து திரும்பி வருகிறார். (வேண்டாம்.)

இவை எதுவும் தேவைப்படாதபடிக்கு அவளே ஒரு காரியம் செய்திருக்கிறாள். கெடு வைத்த ஏழு நாளில் நாலாம் நாள் ஒரு வெள்ளைத் தாளோடு வந்தாள். ஆராய்ச்சி முறைகள் தாளின் முதல் வகுப்பில், ஒரு சொல்லைப் பயன்படுத்துவதற்கு முன்னால் அதை வரையறுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். 'இதுக்கா ஞாயித்துக்கெழமை அதுவுமா பஸ்ஸேறி வந்தோம்னு அன்னிக்கு நெனச்சேனுங்ணா' என்றாள்.

தாளில் இருந்தது இது:

'ஷிப்ட்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் வேலையை அளக்கும் அலகு. ஒரு ஷிப்ட் என்பது எட்டு மணி நேரம். ஒருவர் ஒரே நாளில் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், வேலை செய்வது இங்கு வழக்கம். நாள் என்ற அலகு பேச்சில் பெரும்பாலும் இல்லை. நான் இருபது நாட்களில் நாளொன்றுக்கு ஒன்றரை ஷிப்ட் வீதம் முப்பது ஷிப்டுகள் பயிற்சி பெற்றேன். இது 240 மணி நேரம். விதி கோருவதும் 240 மணி நேரமே. சான்றிதழ் உண்மையானது. அதில் உள்ள சொல்லுக்கு விதிகளில் இடமில்லை என்பதே குறை.'

நன்றாக எழுதியிருந்தாள். என்னால் அவ்வளவு சிக்கனமாக எழுத முடியாது. கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில், 'வருகையைப் பதிவு செய்தவர்: பெயர், கையொப்பம்.'

"லெட்டர்பேடு வேண்டாமுங்ணா. மொதலாளி கையெழுத்தும் வேண்டாம். வருகை எழுதுனவங்க இது நெசம்தான்னு ஒரு கையெழுத்துப் போட்டா விளக்கமா ஏத்துக்க வாய்ப்பிருக்குதுன்னு எங்க கைடு சொன்னாங்க. வாய்ப்புதான், நிச்சயமில்லீங்க."

"மொதலாளிக்குத் தெரிஞ்சா?"

"தெரியாம இருக்காதுங்ணா." மறைக்கவில்லை அவள். "அம்மா வேலையும் போவலாம். அம்மாகிட்டச் சொல்லிட்டேன். மூணு நாளா எங்கூடப் பேசறதில்ல. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. கட்டாயமில்லீங்க."

தாளை வைத்துவிட்டுப் போனாள்.

நான் யோசித்தேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. தெருவுக்குத் தெரு கம்பெனிகளில் விரல் வைத்தால் வருகை பதிகிற மெஷின் வந்துவிட்டது. டைம் ஆபீஸ் ஆளை இனி எவரும் புதிதாக எடுக்க மாட்டார்கள். தொள்ளாயிரம் பேர் சோறு என்று ரத்தினசாமி சொன்னதும் பொய்யில்லை. ஆனால் இதையெல்லாம் எண்ணி எடை போட்டு நான் தயங்கினேன் என்று எழுதினால் அது நாச்சிமுத்துவின் கதையாகிவிடும். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். கையெழுத்துப் போட வேண்டிய தாளை மேஜை டிராயரில் வைத்துவிட்டு, இன்னொரு தாளை எடுத்து இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன்.

ஆமாம், இந்தக் கதை எழுதப்படுவது அதற்காகத்தான். மன்னிக்க வேண்டும், முதல் பகுதியில் வேறு மாதிரி சொல்லியிருந்தேன். கதை முடிந்தால் அடுத்து டிராயரைத் திறக்க வேண்டும். அதனால்தான் தொடக்கங்களைக் காட்டினேன், முடிவுகளை அடுக்கினேன், காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். ஏழு நாளில் இன்று ஆறாவது நாள்.

9

இதை விஜயராணி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு வந்தாள். மத்தியானம் ஒன்றே காலுக்குப் பஸ் ஏறினால் இன்றைக்கே நேரில் கொடுத்துவிடலாம், நாளை கடைசி நாள், தபாலை நம்ப முடியாது என்றாள். நான் இந்தத் தாள்களை அவளிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. கையெழுத்துக்குப் பதிலாக இதை வாங்கிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேனோ என்னவோ.

எட்டாம் பகுதி வரைக்கும் படித்தாள். ஆராய்ச்சிக்காரர்கள் படிக்கிற மாதிரி, விரலை ஓட்டிக்கொண்டு மெதுவாக. நாச்சிமுத்து வருகிற இடத்தில் சிரித்தாள். அம்மா வருகிற இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

"நல்லாருக்குதுங்ணா" என்றாள்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். ஒண்ணரை ஷிப்ட், ரெண்டு பதிவேடு எல்லாமே எழுதிப்போட்டீங்க. நா கேட்டதவிட ஜாஸ்தியாவே எழுதியிருக்கீங்க." தாள்களை ஒழுங்காக அடுக்கி மேஜையில் தட்டி வைத்தாள். "கம்பெனி பேரு இல்ல. அது சரி. என்ற பேரு இருக்குது. எங்கம்மா பேரு இருக்குது. மொதலாளி பேருகூட இருக்குது. உங்க பேரு மட்டும் எங்கயுமே இல்லீங்களே?"

திருப்பிப் பார்த்தேன். இல்லை. எட்டுப் பகுதியிலும் ஒரு இடத்தில்கூட இல்லை. வேண்டுமென்று விட்டதில்லை. ஒரு தரம்கூடத் தோன்றவே இல்லை.

அவள் கட்டாயப்படுத்தவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டரை. இங்கிருந்து பஸ் ஸ்டாண்டு போக ஸ்கூட்டியில் இருபது நிமிஷம் ஆகும். டிராயரைத் திறந்து அந்த வெள்ளைத் தாளை நானே எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். இது வரைக்கும் நடந்துவிட்டது.

இனி என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். என்னிடம் ஒரு பேனாதான் இருக்கிறது. அதை வைத்து இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கிற வரைக்கும் அந்தத் தாளில் எதுவும் எழுத முடியாது. அவளுக்கு நேரமாகிறது. நிறுத்துகிறேன்.